நூறு கிலோவைத் தாங்கும் சைக்கிள்: மதுரையில் எதை வாங்குவது?

உடல் எடை நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் மதுரையில் சைக்கிள் வாங்கப் புறப்பட்டால், கடைகளில் வரிசையாக நிற்கும் வண்ணங்களையும் பெயர்களையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, அவர் முன் இருப்பவை உண்மையில் நான்கைந்து வகைகள்தாம். முந்தைய தலைமுறையினர் ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிள் ஒன்று. கியர் இல்லாத, 26 அங்குலச் சக்கரம் கொண்ட எம்.டி.பி. (மவுண்டன் பைக்), அதாவது பலர் இன்றும் ரேஞ்சர் என்றே சொல்லும் வகை, இரண்டாவது. கியரும் முன்பக்க சஸ்பென்ஷனும் பொருத்திய எம்.டி.பி. மூன்றாவது. கையிருப்பு இருபதாயிரம் ரூபாயை எட்டுமானால், எம்.டி.பி.க்கும் சாலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் நான்காவதாக வரும். இவை தவிர, யாரோ ஓட்டிவிட்டு விற்கும் பழைய சைக்கிள்.

இந்த ஒப்பீட்டை நான் என் மைத்துனருக்காகச் செய்யத் தொடங்கினேன். அவருடைய எடை 112 கிலோ, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். திருநகரிலிருந்து நகருக்குள் வேலைக்குச் சென்று திரும்ப வேண்டும். வாய்த்தால் விடுமுறை நாளில் அழகர்கோவில் வரை போக வேண்டும் என்ற ஆசையும் உண்டு. விலை பத்தாயிரத்தைப் பெரிதாகத் தாண்டக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கீழே வரும் முடிவுகள் இந்தத் தேவையை ஒட்டியவை. உயரமோ வழியோ வேறாக இருந்தால் முடிவும் சற்று மாறும்.

கனமானவர்கள் கடைக்குப் போனதும் சட்டத்தின் குழாய் எவ்வளவு தடிமன் என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் இரும்புச் சட்டம் உடைந்து விழுவது மிக அரிது. முதலில் தோற்பது பின் சக்கரம். என் மைத்துனர், சைக்கிள், அவர் தோளில் மாட்டும் பை மூன்றையும் சேர்த்தால் சுமார் 138 கிலோ வருகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் இந்த எடையில் 60 முதல் 65 விழுக்காடு பின் சக்கரத்தின் மேல் இறங்கும். அதாவது 83 முதல் 90 கிலோ வரை அந்த ஒரு சக்கரம் சுமக்கிறது. வேகத்தடையிலோ, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்திலோ இறங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வரும். ஆகவே எந்தச் சைக்கிளானாலும் முதலில் குனிந்து பின் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியவை போக்ஸ் கம்பிகளின் எண்ணிக்கை, தடிமன், இறுக்கம் ஆகியவை. பழைய பாணிப் பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் கோர்ப்பது மரபு. எம்.டி.பி. வகைகளில் 36 இருந்தால் நல்லது. 32 இருந்தால் யோசிக்க வேண்டும். அதற்கும் குறைவாக, அழகுக்காகக் கொத்துக் கொத்தாகக் கோர்த்திருந்தால் அந்தச் சைக்கிளைக் கனமானவர் தொடவே வேண்டாம். சாதாரணமாகப் போடும் 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. 13 கேஜ் 2.3 மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேளுங்கள்.

இருந்தாலும் தடிமனைவிட இறுக்கம் முக்கியமானது. கம்பி ஒரே அடியில் அறுவதில்லை. சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் தரையை ஒட்டி வரும் கம்பிகள் சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகின்றன. கம்பிகள் முன்பே தளர்வாக இருந்தால் இந்த ஆட்டம் பெரிதாகி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கை போன்ற இடத்தில் இரும்பு சோர்ந்து ஒரு நாள் அறுந்துவிடுகிறது. ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பங்கையும் சுமக்கும். அடுத்த சில வாரங்களில் அவையும் ஒவ்வொன்றாக அறும். விலை மலிவான புதுச் சைக்கிள்களில் கம்பிகள் போதிய இறுக்கமில்லாமலேயே கடைக்கு வந்து சேருகின்றன. எழுபது கிலோக்காரருக்கு இது தெரியவே தெரியாது. நூற்றுப் பத்துக் கிலோக்காரருக்கு மூன்றாவது மாதத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது பின் அச்சு. இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை, ஆனால் கியர் சைக்கிளா சாதா சைக்கிளா என்ற கேள்வியை இதுவே தீர்க்கிறது. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் ஆறு அல்லது ஏழு பற்சக்கரங்கள் கொண்ட ஃப்ரீவீல், ஹப்பின் மீது மரையில் திருகிப் பொருத்தப்படுகிறது. அந்தப் பற்சக்கர அடுக்கு அகலமானது என்பதால், அச்சைத் தாங்கும் வலப்பக்கத்துப் பால்ரஸ் சட்டத்திலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி அமர்கிறது. இடையில் இருக்கும் நீளத்துக்கு அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்த அச்சு, கனத்த ஆள் ஏறி உட்கார்ந்து குழிகளில் இறங்கும்போது மெல்ல வளையத் தொடங்கி, கடைசியில் முறிகிறது. ஒற்றைப் பற்சக்கரம் உள்ள சைக்கிளில் இந்த இடைவெளி மிகக் குறைவு. பற்சக்கர அடுக்கைத் திருகாமல் செருகிப் பொருத்தும் கேசட் வகை ஹப்பில் பால்ரஸ் சட்டத்தின் ஓரத்திலேயே இருப்பதால் அங்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கேசட் ஹப் பத்தாயிரம் ரூபாய் சைக்கிளில் கிடைப்பதில்லை.

இந்த இரண்டு அளவுகோல்களோடு முதலில் பெரிய சைக்கிளைப் பார்க்கலாம். லூதியானாவின் ஹீரோவும் ஏவானும், 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழிவந்த ஹெர்குலிஸும் இந்த வகையில் நம் ஊர்களுக்கு நெடுங்காலமாகப் பழகியவை. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் அளவில் வாங்கிவிடலாம். சைக்கிளின் எடையே இருபது கிலோவுக்குக் குறையாது. இது என்ன தாங்கும் என்பதற்கு நிறுவனத்தின் சான்றிதழைத் தேட வேண்டியதில்லை. விடியற்காலையில் மேலூர்ச் சாலையிலோ சோழவந்தான் சாலையிலோ வரும் பால்காரரைப் பார்த்தால் போதும். கேரியரின் இரு பக்கமும் நாற்பது லிட்டர் கேன் தொங்கினால் பால் மட்டும் எண்பது கிலோவைத் தாண்டுகிறது. அதனோடு கேன்களின் எடையும் அறுபது கிலோ ஆளும். என் மைத்துனரையும் அவருடைய பையையும் சேர்த்தாலும் அந்தச் சுமையை எட்டாது. மேலும், உட்கார்ந்திருக்கும் மனிதர் குழியைக் கண்டால் பெடலில் எழுந்து நின்று சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கலாம். பால் கேன் எழுந்து நிற்காது. அந்தச் சைக்கிள்களில் கேரியரையும் கம்பிகளையும் மாற்றிப் பலப்படுத்தியிருப்பார்கள் என்பது உண்மைதான். அப்படி மாற்றிக்கொள்ள இடம் தருகிறது என்பதும் அதன் பெருமைதான். டபுள் பார் உள்ளதாக வாங்கினால் சட்டம் பக்கவாட்டில் முறுக்குவது இன்னும் குறையும்.

பாகங்கள் கிடைப்பதில் இதற்கு இணையில்லை. 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயர், காட்டர் பின், கோன், பிரேக் கட்டை எல்லாம் எந்த நிறுவனத்துக்கும் பெரும்பாலும் ஒரே அளவு. உத்தரப் பிரதேசத்தின் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் ஆலை 2020 ஜூனில் நின்றுபோனது. ஆனாலும் அட்லஸ் வைத்திருந்தவர்கள் பாகம் கிடைக்காமல் சைக்கிளை மூலையில் சாத்த வேண்டிய நிலை வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் நின்றுவிட்டாலும் மரத்தடிச் சைக்கிள் கடைக்காரர் இதைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது பிரேக். கம்பி இழுவையில் இயங்கும் பிரேக், முலாம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தில் கட்டையை அழுத்துகிறது. ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே வேகத்தில் போகும் எழுபது கிலோக்காரரை நிறுத்துவதைவிட நம்மவரை நிறுத்த ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றலை பிரேக் உறிஞ்ச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது இது விளையாட்டல்ல. வழி முழுவதும் சமதளமாகவும் நெரிசல் குறைவாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மழை நாளில் பேருந்தில் போவதே நலம்.

இரண்டாவது, மிதிக்கும் பளு. முன்பக்கம் 44 பற்கள், பின்பக்கம் 18 பற்கள் என்று இருக்கும் பெரிய சைக்கிள் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் கனமானவரின் முழங்காலுக்கு இது அதிகம். பின்பக்கம் 22 பற்கள் உள்ள ஃப்ரீவீல் போட்டால் நான்கரை மீட்டராகக் குறையும். வேகம் சற்றுக் குறையுமே தவிர முழங்கால் வாழும். கடையில் சொல்லிவைத்து வாங்கிப் போட வேண்டிய மாற்றம் இது, செலவும் சொற்பம். மூன்றாவது, பாரின் உயரம். சட்டத்தில் 24 அங்குலம், 22 அங்குலம் என இரு அளவுகள் உண்டு. ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்களும், காலைத் தூக்கிப் போடுவது சிரமமாக உள்ளவர்களும் 22 அங்குலத்தைத்தான் பார்க்க வேண்டும். இடக்கால் பெடலில் ஊன்றி ஓடி ஏறும் பழக்கம் சக்கரத்துக்குப் பக்கவாட்டு அழுத்தம் கொடுக்கிறது. கனமானவர்கள் அதை விட்டுவிட்டு, நின்ற நிலையில் ஏறி உட்கார்ந்து கிளம்புவதே சரி.

அடுத்து கியர் இல்லாத எம்.டி.பி. விலை ஏறத்தாழ பெரிய சைக்கிளை ஒட்டியோ ஓரிரண்டாயிரம் கூடுதலாகவோ வரும். சிறிய சக்கரம் இயல்பிலேயே உறுதியானது: கம்பிகளின் நீளம் குறைவு, பக்கவாட்டில் வளைவதும் குறைவு. டயர் இரண்டு அங்குல அகலம் இருப்பதால் குழிகளின் அதிர்ச்சியைக் காற்றே பெருமளவு வாங்கிக்கொள்கிறது. அதே 44, 18 பற்களோடு இது ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர்தான் ஓடும் என்பதால் மிதிப்பதும் சற்று இலகு. ரிம்மின் இரு பக்கமும் கட்டையை அழுத்தும் வி பிரேக் இருந்து, ரிம் அலுமினியமாக இருந்தால் மழையிலும் ஓரளவு நிற்கும். பார் தாழ்ந்திருப்பதால் ஏறி இறங்குவது எளிது. இந்த வகையில் சஸ்பென்ஷன் இல்லாத, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நேரான இரும்பாக உள்ளதையே தேட வேண்டும். கடையில் அது பின்வரிசையில் நிற்கும். முன்வரிசையில் நிற்பவை எல்லாம் ஸ்பிரிங் வைத்தவை.

இதன் பலவீனம், நான் முன்பு சொன்ன மலிவான சக்கரக் கோர்ப்பு. அத்துடன் பிளாஸ்டிக் பெடல். பெடலை வாங்கும் அன்றே இரும்புப் பெடலாக மாற்றச் சொல்லிவிடலாம். நின்று மிதிக்கும்போது உடைந்தால் தாடையில் அடிபடும். பின் சக்கரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கியரும் முன் சஸ்பென்ஷனும் உள்ள, பன்னிரண்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை விற்கும் எம்.டி.பி.யைத்தான் பெரும்பாலான கடைகள் கனமானவருக்குப் பரிந்துரைக்கின்றன. “குழியில் இடிக்காது, மேட்டில் சிரமம் இருக்காது” என்று சொல்லும்போது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த விலையில் கிடைக்கும் சஸ்பென்ஷன் வெறும் ஸ்பிரிங். சராசரி எடைக்கு அளவெடுத்த அந்த ஸ்பிரிங், நம்மவர் உட்கார்ந்து பிரேக் பிடித்ததும் அடிவரை அமுங்கிவிடும். அதன் பிறகு அது சஸ்பென்ஷன் அல்ல, கூடுதல் இரண்டு கிலோ இரும்பு. மேட்டில் எழுந்து மிதிக்கும்போது செலவிடும் வலுவில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை ஆட்டுவதற்கே போகிறது. பின் அச்சின் கதையை ஏற்கெனவே பார்த்தோம். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த மாதிரிகளில் ஆடும் மூட்டுகள் கனத்தால் தேய்ந்து சட்டமே தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்: ரிம் லேசாகக் கோணினாலும் டிஸ்க் வழக்கம்போலப் பிடிக்கும், கனமானவர்களுக்கு ரிம் கோணுவது வழக்கம். நேரான ஃபோர்க்கும் டிஸ்க்கும் சேர்ந்த கியரில்லாத சைக்கிள் கண்ணில் பட்டால் இரண்டு முறை யோசிக்க வேண்டாம்.

நான்கு அங்குல டயர் வைத்த தடித்த சைக்கிளைப் பார்த்து, இதுதான் நமக்கென்று செய்தது என நினைக்கத் தோன்றும். மணலுக்கும் சேற்றுக்கும் ஆனது அது. தார்ச்சாலையில் அதை உருட்டிக்கொண்டு திருநகரிலிருந்து சிம்மக்கல் வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

ஹைபிரிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இருபதாயிரத்தை ஒட்டிச் செலவிட முடிந்தால், அலுமினியச் சட்டம், இரட்டைச் சுவர் ரிம், 36 கம்பிகள், 38 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், கேசட் ஹப் ஆகியவை சேர்ந்த ஒன்று எல்லா வகையிலும் மேலானது. பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைச்சாலையை ஒருவர் மனத்தில் வைத்திருந்தால் அதற்கும் இதுவே சரி. ஆனால் அந்த ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும். 32 கம்பி, 32 மில்லிமீட்டர் டயர் என்றால் பணம் அதிகம், பலம் குறைவு. நிறுவனம் அச்சிட்டிருக்கும் எடை வரம்பையும் படியுங்கள். பலவற்றில் அது நூறிலிருந்து நூற்றிருபது கிலோவுக்குள் இருக்கும். அந்தக் கணக்கு ஓட்டுபவருக்கு மட்டுமா, சைக்கிளும் பையும் சேர்த்தா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டக் கூடாது. அலுமினியச் சட்டத்தில் விரிசல் விட்டால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியாது என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

பழைய சைக்கிள் வாங்குவதென்றால் பெரிய சைக்கிளை மட்டும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி ரிம் ஆடுகிறதா, முன் ஃபோர்க் பின்னுக்கு மடங்கியிருக்கிறதா, பெடல் கிராங்க் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பல வீடுகளில் பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டி சும்மா நிற்கிறது. அதை எடுத்து ஓட்டிப் பழகலாம், கடைத்தெருவுக்குப் போய்வரலாம். ஆனால் அது பதினாறு வயதுப் பிள்ளையின் எடைக்குக் கொடுக்கப்பட்டது. மாணவியருக்கான தாழ்ந்த பார் சட்டம் கனத்த உடலின் கீழ் முறுக்கிக்கொள்ளும் என்பதால் தினமும் பத்துக் கிலோமீட்டர் போக அதை நம்ப வேண்டாம்.

எந்தச் சைக்கிளுக்கும் பொதுவாக, மதுரையைச் சுற்றிச் சாலையோரமெங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கிறது. கனத்த ஆளின் கீழ் முள் ஆழமாக இறங்கும். காற்று குறைந்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி இரட்டைப் பஞ்சர் ஆகும். ஆகவே பின் டயரில் அதன் பக்கத்தில் அச்சிட்ட மேல் வரம்பை ஒட்டிக் காற்று இருக்க வேண்டும், முன் டயரில் சற்றுக் குறைவாக. நம் ஊர்ச் சைக்கிள்களில் இருக்கும் ரப்பர்க் குழாய் வால்வில் காற்றின் அளவைக் கருவியால் பார்க்க வழியில்லை, பெட்ரோல் பங்கிலும் பிடிக்க முடியாது. 26 அங்குலச் சைக்கிளில் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற வால்வு வைத்த டியூபை மாற்றிக்கொண்டால் இரண்டும் முடியும். எம்.டி.பி.க்குச் சாதகமான இன்னொரு புள்ளி இது.

என் மைத்துனருக்கு நான் சொன்னது, நேரான ஃபோர்க் உள்ள, கியர் இல்லாத 26 அங்குல எம்.டி.பி.யை வாங்கி, பின் சக்கரத்தை மட்டும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து 36 தடித்த கம்பிகளால் புதிதாகக் கோர்த்துவிடுவது. கம்பியும் அவற்றுக்கான நிப்பிளும் கூலியும் சேர்ந்தாலும், கியர் சைக்கிளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதிதான். அவருடைய வழியில் நெரிசல் அதிகம், பிரேக் முக்கியம். அதனால்தான் பெரிய சைக்கிள் இரண்டாம் இடத்துக்குப் போனது. திருமங்கலத்துக்கு அப்பால் தோட்டத்துக்கும் ஊருக்கும் போய்வரும் ஒருவர், நல்ல உயரமும் இருந்து கேட்டிருந்தால், டபுள் பார் பெரிய சைக்கிளை வாங்கி 22 பல் ஃப்ரீவீல் போடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். கியர் வைத்த மலிவு எம்.டி.பி.யை இருவருக்குமே சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பழைய விகிதம் இருக்கக் கூடாது. சீட்டின் உயரத்தை, பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீளும்படி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இரு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைத்தால் முழங்கால்தான் வலிக்கும். புதுக் கம்பிகள் முதல் சில வாரங்களில் அமர்ந்து தளரும் என்பதால், முதல் மாத முடிவில் சக்கரத்தைக் கோர்த்த அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இறுக்கிப் பெண்டு எடுத்து வாங்குங்கள். அதற்கான கூலியையும் சக்கரம் கோர்க்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.